ஒட்டு எங்கே நிற்கும்: பழைய துணி, சாமான்களைச் சரிசெய்யும் முறைகள்

ஒட்டுப் போட்ட துணி மறுபடி கிழியும்போது ஒட்டு கிழிவதில்லை. அதன் ஓரத்தை ஒட்டித்தான் கிழிகிறது. ஆடும் நாற்காலிக்கு ஆணி அடித்தால் ஆணி அப்படியே இருக்கும், சுற்றியுள்ள மரம் பிளக்கும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளிக்குப் பசை பூசினால் பசை காய்ந்து கல்லாகும், ஒருநாள் அப்படியே சில்லாகப் பெயர்ந்து வரும். சரிசெய்த இடம் பழைய பொருளைவிட விறைப்பாக இருந்தாலோ, ஏற்கெனவே நைந்துபோன பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றாலோ இப்படித்தான் ஆகும். ஊசி எடுத்தாலும் திருப்புளி எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, உறுதியான பகுதி எங்கே தொடங்குகிறது என்பதைத்தான்.

எதைத் தைப்பது, எதை வெட்டுவது

துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடை மாதிரி வெளிச்சத்தை விடும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் 2 செ.மீ. இடைவெளியில் வைத்து, முதலில் பாவு (நீளவாக்கு நூல்) வாட்டத்திலும் அடுத்து ஊடை (குறுக்கு நூல்) வாட்டத்திலும் அழுத்தி இழுத்துப் பாருங்கள். தோள், பக்கவாட்டு, கீழ்மடிப்பு என மூன்று இடங்களில் இதைச் செய்ய வேண்டும். மூன்றிலும் நூல் அறும் சத்தம் கேட்டால் அந்தத் துணி தையலைத் தாங்காது. அதில் மணிக்கணக்காக உட்காருவது வீண். ஒரே இடத்தில் மட்டும் பலவீனம் என்றால் தாராளமாகச் சரிசெய்யலாம்.

தேறாத துணியிலிருந்து முதலில் பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஜிப்பை அதன் நாடாவோடு பிரித்தெடுத்தால்தான் மறுபடி பயன்படும். மிச்சத்தை 30 செ.மீ. சதுரங்களாக வெட்டலாம். ஒரு சதுரத்தை இரண்டு முறை மடித்தால், மாற்றி மாற்றித் திருப்பித் துடைக்க எட்டுப் பக்கம் கிடைக்கும். பருத்தி மட்டுமே துடைக்க ஏற்றது. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாமல் இழுத்துக்கொண்டே போகும். ஓர் எச்சரிக்கை: மரச் சாமான்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஜீன்ஸின் தொடைப் பகுதி

இரண்டு தொடைகளும் உரசும் இடம்தான் பல ஜீன்ஸ்களில் முதலில் போகும். ஓட்டை விழும்வரை காத்திருப்பதுதான் இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு. நீல நூல் தேய்ந்து, வெள்ளை ஊடை நூல் மட்டும் குறுக்காகத் தெரியத் தொடங்கும்போதே ஒட்டுப் போட்டால் வேலை பாதி. துணியும் அதன் வடிவத்திலேயே இருக்கும்.

ஒட்டுக்கு வேறொரு பழைய ஜீன்ஸின் கால்பகுதியை எடுங்கள். அதே கனம், இல்லையென்றால் கொஞ்சம் மெலிது. தடித்தது வேண்டவே வேண்டாம். புதுத் துணிதான் கையில் இருக்கிறது என்றால் ஒருமுறை வெந்நீரில் துவைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் ஒட்டு சுருங்கி, சுற்றிலும் முண்டும் முடிச்சுமாக நிற்கும்.

ஜீன்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, துணி மறுபடி கெட்டியாகத் தொடங்கும் எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் 2 செ.மீ. தள்ளி ஒட்டை வெட்ட வேண்டும். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூரான மூலையில் இழுவை குவிந்து அங்கிருந்துதான் பிரியும். ஒட்டின் பாவு வாட்டமும் ஜீன்ஸின் பாவு வாட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். இதைக் கவனிக்காவிட்டால் உட்காரும்போது ஒன்று நீளும், மற்றது நீளாது.

ஒட்டை உட்புறம் வைத்து, பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பாவு வாட்டத்தில் 5 மி.மீ. இடைவெளி விட்டு வரிவரியாகத் தைத்துக்கொண்டே போங்கள். மெஷினில் என்றால் 16-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். கையால் என்றால் இரட்டை நூலில் ஓடுதையல் போதும். இதில் நுட்பம் ஒன்றுதான்: எல்லா வரிகளும் ஒரே கோட்டில் முடியக் கூடாது. ஒன்று ஒட்டின் ஓரத்தைத் தாண்டி 5 மி.மீ., அடுத்தது 1 செ.மீ., அதற்கடுத்தது ஓரத்துக்குள்ளேயே என்று பல்வரிசை போல ஏற்ற இறக்கமாக முடியுங்கள். நேர்கோட்டில் முடித்தால் ஊசித் துளைகள் வரிசையாக நின்று, தபால்தலை கிழிவதுபோல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசை ஒட்டுகள் முழங்காலுக்குப் பரவாயில்லை. தொடைக்கு ஆகாது. பசை விறைப்பானது, ஓயாமல் மடங்கும் இடத்தில் ஓரம் பெயர்ந்து வந்துவிடும்.

சட்டைக் காலரைத் திருப்புவது

சட்டை முழுக்க நன்றாக இருக்கும், காலரின் மடிப்பு மட்டும் கழுத்தில் உரசி நைந்திருக்கும். அதன் அடிப்பக்கம் பெரும்பாலும் புத்தம் புதிதாக இருக்கும். காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டால் அந்தச் சட்டைக்கு இன்னொரு ஆயுள். ஆனால் காலர் முனையில் பட்டன் போடும் காஜா இருந்தாலோ, அடிப்பக்கத்தில் விறைப்புக் குச்சி செருகும் பொந்து இருந்தாலோ திருப்ப முடியாது; அவை மேலே தெரியும்.

கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டை வேறு, அதன்மேல் மடிந்து விழும் காலர் வேறு. பிரிக்க வேண்டியது இவை இரண்டும் சேரும் தையலை மட்டும். பட்டையைச் சட்டையோடு சேர்க்கும் கீழ்த்தையலில் கை வைத்தால் வேலை மும்மடங்காகும்.

காலரையும் பட்டையையும் இரண்டாக மடித்து, நடுப்புள்ளியில் வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வையுங்கள். காலர் தொடங்கி முடியும் இரண்டு இடங்களையும் பட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டு வந்து, மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் முழுதும் வந்துவிடும். காலர் கையோடு வந்ததும் உதிரி நூலைத் தட்டி, இஸ்திரி போடுங்கள். நைந்த மடிப்பு இனி அடிப்பக்கம் போகப்போகிறது என்று அப்படியே விட்டால் அங்கே கிழிசல் வளரும். நெருக்கமாக நாலைந்து வரி ஓடுதையல் போட்டுவிடுங்கள்.

இப்போது காலரைத் திருப்பிப் பட்டைக்குள் செருகி, நடுவிலிருந்து இரு பக்கமாகவும் குண்டூசி குத்திக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசியில் 3 மி.மீ. மிஞ்சும், எங்கே ஒளிப்பது என்று தெரியாது. பழைய ஊசித் துளைகளே வழிகாட்டி. முதலில் கையால் பெரிய தையல் போட்டுப் பிடித்து, பட்டன் பூட்டிப் பார்த்து, காலரின் இரு முனைகளும் சமமாக நிற்கின்றனவா என்று உறுதி செய்த பிறகு 2.5 மி.மீ. தையலில் மெஷின் ஓட்டுங்கள்.

திருப்பிய காலரின் முனை லேசாக மேல்நோக்கிச் சுருளலாம். முனைகள் உள்ளே வளையட்டும் என்று அடித்துணியைக் கொஞ்சம் சிறிதாக வெட்டித் தைப்பது வழக்கம். திருப்பியதும் அது எதிராக வேலை செய்கிறது. ஈரத்துணியை மேலே போட்டு நன்றாக இஸ்திரி போட்டால் பெருமளவு அடங்கும்.

ஜிப், எலாஸ்டிக், பட்டன்

ஜிப்பை மேலே இழுத்த பிறகு பின்னால் பற்கள் விரிந்துகொள்கின்றன என்றால், பல் ஒன்றும் விழவில்லை என்றால், குற்றம் ரன்னரில், அதாவது பற்களைச் சேர்த்துக்கொண்டு ஓடும் இழுப்பானில். ஓடி ஓடி அதன் பின்வாய் அகன்றுவிட்டது. ரன்னரை ஜிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, பற்கள் சேர்ந்து வெளியே வரும் முனையின் இடது ஓரத்தைக் குறடால் லேசாக அழுத்துங்கள், அடுத்து வலது ஓரத்தை. ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். ஒரே அழுத்தாக அழுத்தினால் வார்ப்பு ரன்னர் விரிசல் விட்டு உடையும். மாற்ற வேண்டியிருந்தால் ரன்னரின் முதுகில் 3, 5 என்று எண் பொறித்திருக்கும். அதே எண்ணும், உலோகப் பல்லா நைலான் சுருளா என்பதும் பொருந்த வேண்டும். ஓட்டம் கடினமாக இருந்தால் உலோகப் பற்களில் பென்சில் முனையைத் தேய்த்தாலே போதும்.

எலாஸ்டிக் தளர்வது வயதால் மட்டுமில்லை. கொதிநீர், சூடான இஸ்திரி, குளோரின் பிளீச் மூன்றும் அதைக் கொல்லும். மாற்றும்போது மடிப்புத் தையலை 3 செ.மீ. மட்டும் பிரித்தால் போதும். இடுப்பளவில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, மேற்பொருந்த 2 செ.மீ. கூட்டி வெட்டுங்கள்: 80 செ.மீ. இடுப்புக்கு 74. ஒரு முனையில் ஊக்கு மாட்டி உள்ளே ஓட்டும் முன், மறுமுனையைத் துணியோடு சேர்த்து இன்னொரு ஊக்கால் குத்திவிடுங்கள். அது உள்ளே போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. சேர்ப்பதற்கு முன் சுற்றிலும் தடவி, எங்கும் முறுக்கு இல்லை என்று பாருங்கள்.

பட்டன் தைக்கும்போது அதற்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தையுங்கள். குச்சியை உருவிய பிறகு கிடைக்கும் தளர்வில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் ஒரு சிறு கழுத்து உருவாகும். காஜாத் துணி உட்காரும் இடம் அதுதான். தடித்த கோட்டில், உட்புறம் ஒரு சின்னப் பட்டனை எதிர் வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தால் இழுவை துணிமேல் விழாது.

டி-ஷர்ட்

டி-ஷர்ட் நெய்த துணியில்லை, பின்னிய துணி. சாதாரணக் கூர் ஊசி இழையை வெட்டிவிடும், அங்கிருந்து ஓட்டை ஏணிபோல ஓடும். உருண்டை முனை ஊசியே வேண்டும். சின்ன ஓட்டை என்றால், அவிழ்ந்து நிற்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக நூலில் கோத்துக்கொண்டு, மெல்லச் சேருங்கள். கயிறு இழுப்பதுபோல இறுக்காதீர்கள்.

தேறாத டி-ஷர்ட்டைப் பின்னல் நூலாக்கலாம். பக்கவாட்டில் தையல் இல்லாத, உருளையாகப் பின்னிய டி-ஷர்ட்தான் நல்லது. தையல் உள்ளது இழுக்கும்போது அங்கே அறும். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி, கீழ்மடிப்பையும் நீக்கினால் ஒரு குழாய் கிடைக்கும். ஒரு பக்க ஓரத்தில் 4 செ.மீ. விட்டுவிட்டு, மறுபக்கத்திலிருந்து 2.5 செ.மீ. அகலத்தில் இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டாமல் விட்ட பகுதியை விரித்து, ஒரு வெட்டின் முடிவிலிருந்து எதிர்ப்பக்கத்து அடுத்த வெட்டுக்குச் சாய்வாக வெட்டினால் முழு டி-ஷர்ட்டும் அறாத ஒரே நாடாவாகும். இரு கைகளால் இழுத்தால் தானே சுருண்டு கயிறாகும். மூன்று புரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி. மேஜைமேல் தட்டையாகக் கிடத்தியே தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் இறுக்கம் கூடி, மிதியடிக்குப் பதில் கிண்ணம் வரும்!

பெட்ஷீட்டின் நடுவைத் தள்ளிவைப்பது

பெட்ஷீட் நடுவில்தான் நையும். ஓரங்கள் தொட்டுப்பார்த்தால் புதிதுபோல இருக்கும். நீளவாக்கில் நடுவே வெட்டி இரண்டாக்குங்கள். வெளி ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, நெய்த கரையின்மேல் கரை 1 செ.மீ. ஏறும்படி வைத்து இரண்டு வரி தையுங்கள். கரை பிரியாது என்பதால் மடிக்க வேண்டாம், முதுகில் உறுத்தாது. நைந்த பகுதி இப்போது பக்கவாட்டில். அதை 1 செ.மீ. வீதம் இரண்டு முறை மடித்துத் தைத்தால் 150 செ.மீ. அகலம் 145 ஆகும், அவ்வளவுதான் இழப்பு. நடுவில் ஓட்டையே விழுந்திருந்தால் அந்தப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டுச் சின்னக் கட்டிலுக்கு வைத்துக்கொள்ளலாம். மூலைகளில் எலாஸ்டிக் வைத்த விரிப்புக்கு இந்த வேலை ஒத்துவராது.

ஆடும் நாற்காலி

ஆணியும் இரும்புத் தகடும் வேண்டாம். மூட்டு ஆடுவதற்குக் காரணம் பழைய பசை விட்டுப்போனது. புதுப் பசை பிடிக்க வேண்டுமானால் பழையது முழுதும் போக வேண்டும். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால் அதன்மேல் புதிய வெள்ளைப் பசை ஒட்டாது. வெளியே தெரியும் இடுக்கில் பசையை ஊற்றிவிட்டு நாலு நாளில் மறுபடி ஆடுகிறது என்று சலித்துக்கொள்வது இதனால்தான்.

எல்லா மூட்டுக்கும் பென்சிலால் எண் போட்ட பிறகு, ரப்பர் சுத்தியலால் தட்டிப் பிரியுங்கள். வராத மூட்டில் சூடான வினிகரை விட்டுக் கால்மணி நேரம் ஊறவைத்தால் வெள்ளைப் பசை இளகும். பிறகு கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். செருகும் முனை துளைக்குள் லொடலொடவென்று இருந்தால் வெள்ளைப் பசை அந்த இடைவெளியை நிரப்பாது. முனையைச் சுற்றி மெல்லிய மரச் சீவலை ஒட்டி, காய்ந்ததும் தேய்த்து, கையால் அழுத்தினால் இறுக்கமாகப் போகும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியல் தேவைப்படும் அளவு தடித்துவிட்டால் துளைப்பக்கம் பிளக்கும்.

துளையின் சுவரிலும் முனையிலும் பசை தடவிப் பொருத்தியதும், கால்களைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றுக் கட்டுங்கள். கயிறு மரத்தைத் தொடும் இடத்தில் துணி வையுங்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகித் திருகினால் இறுகும். பசை லேசாகப் பிதுங்கி வர வேண்டும். ஈரத்துணியால் உடனே துடையுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நாலு காலும் தரையைத் தொடுகிறதா என்று பசை ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். காய்ந்தபின் கோணல் தெரிந்து பயனில்லை. கயிற்றை ஒரு மணி நேரம் கழித்து அவிழ்க்கலாம், உட்காருவது 24 மணி நேரத்துக்குப் பிறகுதான்.

கதவுக் கீலில் திருகு சுற்றிக்கொண்டே இருந்தால் பெரிய திருகு தேட வேண்டாம். துளைக்குள் பசை தோய்த்த தீக்குச்சிகளை, மருந்தை நீக்கிவிட்டு, நெருக்கமாகத் திணித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டி, திருகைவிட மெலிதான துளை போட்டுப் பழைய திருகையே முடுக்குங்கள்.

விரிசல் விட்ட பிளாஸ்டிக்

விரிசலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் வெயில் அந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. எந்த ஒட்டும் நிற்காது. பொடி வரவில்லை என்றால் ஓரத்தில் ஒரு சிறு சீவலை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கிவிடுங்கள். மிதந்து மேலே வந்தால் அது பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். பொருளில் பொறித்திருக்கும் மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 2, 4 அல்லது 5 என்று இருக்கும். வாளிகள் பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றில் சாதாரணப் பசையோ, இரண்டு குழம்பைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையோ பிடிக்காது, உருக்கித்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை போடுங்கள். கூரான நுனியில் குவியும் இழுவை வட்டத்தில் பரவுவதால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். பலருக்கு இந்த ஒரு துளையே போதுமான வைத்தியம். அடுத்து விரிசலுக்கு இரு பக்கமும் 7 மி.மீ. தள்ளி, 1.5 செ.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டு, மெல்லிய செப்புக் கம்பியைத் தையல்போலக் கோத்துவிடுங்கள். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கருவியின் சூடான முனையால் கம்பியை அழுத்தினால் பிளாஸ்டிக்கில் புதையும். பாதி ஆழம் போதும். அதே எண் உள்ள பழைய மூடியிலிருந்து வெட்டிய கீற்றை மேலே உருக்கிப் பூசுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். ஜன்னல் திறந்திருக்கட்டும். முக்கோணத்தில் 3 என்று இருந்தால் அது பிவிசி. அதைச் சுடவே கூடாது. வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

பாட்டில், ஜாடி, மின்சார வயர்

கண்ணாடி ஜாடியின் லேபிளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து உரித்த பிறகும் பிசுக்கு நிற்கும். சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, அரைமணி கழித்துத் தேய்த்தால் போகும். பூச்சிமருந்து, பெயிண்ட், அமிலம் இருந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கோ தண்ணீருக்கோ எடுக்கக் கூடாது.

2 லிட்டர் பாட்டிலை நடுவில் வெட்டி, மூடியில் 8 மி.மீ. துளை போட்டு, பழைய துணியைத் திரியாகத் தொங்கவிட்டு, மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதியில் செருகினால் தானே தண்ணீர் இழுக்கும் செடித்தொட்டி. பருத்தித் திரி ஈரமண்ணில் சில மாதங்களில் மக்கிவிடும். செயற்கை நூல் கலந்த துணி நீடிக்கும். செருகிய இடத்தில் இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும், டேப் சுற்றி அடையுங்கள்.

மின்சாரச் சாமான்களில் வீட்டில் தொடக்கூடியது வயரும் பிளக்கும் வரைதான். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய குழாய்த் தொலைக்காட்சியும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், மூடியைத் திறக்காதீர்கள். வயர் வழக்கமாக விட்டுப்போவது பிளக்கை ஒட்டி மடங்கும் இடத்தில். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்த இடத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி வெட்டி எறிந்து, புதிய பிளக்கில் மாட்டுங்கள். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சூடேறி உருகும். பிளக்குக்குள் எர்த் வயரை மற்ற இரண்டையும்விட 1 செ.மீ. நீளமாக விடுங்கள், யாராவது வயரை இழுத்துவிட்டால் அது கடைசியாகத்தான் கழல வேண்டும். பிளக்கின் பிடிப்புக் கட்டை வயரின் வெளித்தோலைக் கவ்வியிருக்க வேண்டும், உள்ளிருக்கும் வண்ண வயர்களை அல்ல.